சத்தமில்லாத வண்டியில் தென்னேரி வரை

வெள்ளிக்கிழமை, காலை ஏழு மணி பத்து நிமிடம். செவிலிமேட்டில் எங்கள் தெருமுனை அம்மன் கோயில் வாசலில் புது வண்டி நின்றது. பூசாரி கற்பூரம் காட்டி, சந்தனமும் குங்குமமும் வைத்து, எலுமிச்சம்பழமும் பச்சை மிளகாயும் கோத்த கறுப்புக் கயிற்றை இடதுபக்கக் கைப்பிடியின் நுனியில் தொங்கவிட்டார். சக்கரத்துக்கு ஒன்றாகக் கீழே இரண்டு எலுமிச்சம்பழம் வைத்தார். அவர் நகர்ந்ததும் என் சம்பந்தி ரோசம்மா, வேளாங்கண்ணியிலிருந்து வாங்கி வந்த ஜெபமாலையை எடுத்து அதே கைப்பிடி நுனியில் மாட்டினாள். பூசாரி திரும்பிப் பார்த்தார். "ரெண்டு பேரும் பாத்துக்கட்டும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

ஏறி உட்கார்ந்து பிடியைத் திருகினேன். சத்தம் ஒன்றும் வரவில்லை. ஆனால் இரண்டு எலுமிச்சம்பழமும் நசுங்கி, கோயில் வாசல் பின்னால் போய்விட்டது. கிளம்பிவிட்டோம் என்பது அப்படித்தான் தெரிந்தது.

என் பெயர் தனம். வயது அறுபத்து நான்கு. முப்பது வருடமாக மொபெட்டின் பின்னால் வளையல் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போய் விற்கிறவள். பள்ளத்தில் இறக்கியிருக்கிறேன், ஏரிக்கரையில் ஏற்றியிருக்கிறேன், மழையில் தள்ளியிருக்கிறேன். என் வண்டி ஓட்டுதலால் ஒரு வளையல் உடைந்தது என்று எந்த ஊரிலும் யாரும் சொன்னதில்லை. போன பங்குனியில் மட்டும் மணலில் சறுக்கி விழுந்தேன். அன்றுகூட முட்டி போனது, வளையல் போகவில்லை. மகள் செல்வியும் மாப்பிள்ளை அருளும் முட்டியைத்தான் பார்த்தார்கள்.

அதிலிருந்து வீட்டில் ஒரே பேச்சு. கடைசியில் மாப்பிள்ளை இந்தக் கரண்டு வண்டியை வாங்கி வந்து நிறுத்தினார். விலை ஒரு லட்சத்துப் பன்னிரண்டாயிரம். சாவி கிடையாது. தீப்பெட்டியில் பாதி அளவுக்கு ஒரு கறுப்பு வில்லை, அது நம்மிடம் இருந்தால்தான் வண்டி நம்மை மதிக்கும். வண்டி எங்கே போகிறது, எங்கே நிற்கிறது என்பதெல்லாம் மாப்பிள்ளையின் போனில் தெரியும்.

"அத்தை, தென்னேரிக்கு நீங்களே ஓட்டினு போய்ட்டு வாங்க" என்றார். "நடுவுல எங்கயாவது நின்னுபோயி, என்ன வந்து கூட்டினு போன்னு போன் பண்ணீங்கன்னா, அன்னைலேர்ந்து ஆட்டோதான். ஒத்துக்கறீங்களா?"

"நான் இன்னாத்துக்கு மாப்ள கூப்பிடப்போறேன்?" என்றேன். வில்லையை அன்று ஒருநாளைக்கு மட்டும் என்று சொல்லித்தான் கையில் கொடுத்தார்.

தென்னேரியில் ரோசம்மாவின் தங்கை மகள் ஸ்டெல்லாவுக்கு ஏழாம் மாத வளைகாப்பு. பத்தரை மணிக்குச் சர்ச்சிலிருந்து பங்குச் சாமியார் வந்து ஜெபம் செய்வார், பதினொரு மணிக்கு அவருக்கு வேறு ஊரில் பூசை. அதற்குள் வளையல் போட்டாக வேண்டும். வளையல் என்னுடையது. இருபது டஜன் கண்ணாடி வளையல், பச்சையும் சிவப்புமாக. கைக்கு அளவெடுத்துத் தேர்ந்து, நூலில் கோத்து, பழைய பருத்திப் புடவையில் சுற்றி, சீட்டுக்குக் கீழே இருக்கும் பெட்டியில் வைத்திருந்தேன்.

ரோசம்மா பின்னால் உட்கார்ந்திருந்தாள். அவள் என்னைவிட இரண்டு வயது சிறியவள். சம்பந்தம் முடிந்த முதல் ஐந்து வருடம் ஒருவரை ஒருவர் வாங்க, போங்க என்றோம். பிறகு நாங்களே களைத்துப்போய் விட்டுவிட்டோம்.

இருவர் தலையிலும் ஹெல்மெட். அதற்குள் காதுப் பக்கத்தில் சின்ன ஸ்பீக்கர். ஒரு ஹெல்மெட்டில் பேசினால் இன்னொன்றில் கேட்கும். போன் வந்தாலும் அதிலேயே கேட்கும். என் முதுகில் ஒட்டி உட்கார்ந்திருக்கிறவளோடு பேச இது எதற்கு என்று கேட்டேன். ரோசம்மாவுக்குத்தான் ரொம்ப ஆசை. அதனால் செவிலிமேட்டிலிருந்து டவுன் வரை அவள் மாதாவுக்குச் சொன்ன அருள்நிறை மந்திரம் முழுவதும் என் காதுக்குள்ளேயே நடந்தது. மூச்சு வாங்குவதுகூடக் கேட்டது.

"சம்பந்தி, கொஞ்சம் மனசுக்குள்ள சொல்லேன்" என்றேன்.

"மனசுக்குள்ள சொன்னா உனக்கு எப்டி புண்ணியம் வரும்?"

ஏழு முப்பத்தைந்து. பிள்ளையார்பாளையம். ஸ்டெல்லாவுக்கு ரோசம்மா எடுத்த பட்டுச் சேலையை ஒரு தறிக்காரர் வீட்டில் வாங்கிக்கொள்ள வேண்டும். அரக்கு நிறம், ஏழாயிரத்து இருநூறு ரூபாய். அந்தத் தெருவில் பாவு ஓட்டிக்கொண்டிருந்தார்கள். தெரு நீளத்துக்குப் பட்டு நூலை இழுத்துக் கட்டி, நான்கைந்து பேர் இரண்டு பக்கமும் நின்று இழை பார்க்கிற வேலை. முப்பது வருடமாக அந்தத் தெருவில் போகிறேன். என் மொபெட் முனை திரும்பும்போதே எல்லோரும் தானாக ஓரம் சாய்வார்கள். அன்று நான் பத்தடி தூரத்துக்கு வந்தும் ஒருவரும் நகரவில்லை. பிரேக்கைப் பிடித்து, கடைசியில் நின்ற அம்மாவின் புடவைக்கு ஒரு முழம் முன்னால் நிறுத்தினேன்.

அந்த அம்மா திரும்பிப் பார்த்து நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். "இன்னாமா, பூன மாதிரி வர்ற?"

"ஆரன் அடிச்சேனேமா."

"ஆரன் எல்லாரும்தான் அடிக்கிறான். அத யாரு காதுல வாங்கினது? வண்டி சத்தம்தான் எங்களுக்கு கணக்கு. எந்த வண்டி எவ்ளோ தூரத்துல வந்துக்கினு இருக்குதுன்னு அதுவே சொல்லிடும். இழய உட்டுட்டு திரும்பிப் பாக்க முடியுமா?"

எதிர்ப்பக்கம் நின்றவர் சிரித்தார். "வளையல்காரம்மா, மாட்டுக்கு கட்டற மணி ஒண்ணு வாங்கி முன்னாடி கட்டிடுங்க."

"மணி ஏற்கெனவே உள்ள இருக்குது" என்றாள் ரோசம்மா.

அவள் விளையாட்டாகச் சொன்னது எனக்கு உறைத்தது. வழியெல்லாம் ஏதோ கிணுகிணுவென்று கேட்டுக்கொண்டுதான் இருந்தது. சீட்டைத் தூக்கிப் பார்த்தேன். புடவைச் சுற்று ஒரு பக்கம் தளர்ந்து, பச்சை வளையல் பெட்டிச் சுவரில் தட்டிக்கொண்டிருந்தது. முப்பது வருடமும் என் வளையல்கள் இப்படிப் பேசிக்கொண்டுதான் வந்திருக்கும். மொபெட் சத்தத்தில் நான்தான் கேட்டதில்லை. தறிக்காரர் வீட்டில் சேலையோடு இரண்டு பழைய துண்டும் வாங்கி, துண்டுகளை இடுக்கில் திணித்தேன். பிறகு கிணுகிணுப்பு நின்றது. இந்த ஒரு விஷயத்தில் சத்தமில்லாத வண்டியை அப்போதே எனக்குப் பிடித்துவிட்டது.

எட்டு மணி ஐந்து நிமிடம். டவுனுக்குள் முகூர்த்தக் கூட்டம். வெளியூர்க் கார்கள் ஒன்றின் பின் ஒன்றாகக் கோயில் தெருவுக்குள் நுழைய, சேலைக் கடைக்கு ஆள் பிடிக்கிறவர்கள் பைக்கில் கூடவே போய்க் கண்ணாடியைத் தட்டினார்கள். நாங்கள் நின்ற ஒவ்வொரு இடத்திலும் பக்கத்து வண்டிக்காரர் எட்டிப் பார்த்து இரண்டே கேள்வி கேட்டார். எவ்வளவு விலை, எத்தனை கிலோமீட்டர் ஓடும். கடைக்காரர் நூறு ஓடும் என்றார், மாப்பிள்ளை எண்பது என்றார். கேட்டவர்களிடம் நான் எண்பது என்றேன். பின்னாலிருந்து ரோசம்மா ஒவ்வொரு முறையும் அறுபது என்று திருத்தினாள்.

வாலாஜாபாத் சாலையில் ஏறியதும் முப்பத்தைந்தில் வைத்து ஓட்டினேன். வண்டிக்குக் குதிக்கிற குணம் உண்டு. பிடியைப் பட்டென்று திருகினால் ஆட்டுக்குட்டி மாதிரித் தாவும். முட்டையை உருட்டுகிற மாதிரித் திருகினால் தண்ணீர் மாதிரிப் போகும். வளையல் ஏற்றிப் பழகியவளுக்கு இது புதிதில்லை. திரையில் எழுத்தெல்லாம் இங்கிலீஷ். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள், தமிழே எழுத்துக்கூட்டித்தான் படிப்பேன். ஆனால் எண் எந்த மொழியிலும் எண்தான். கிளம்பும்போது நூறு காட்டியது, வாலாஜாபாத்தில் எழுபத்து மூன்று.

எட்டு ஐம்பது. வாலாஜாபாத் பஸ் நிலையத்துக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு டீக்கடை, பக்கத்திலேயே தார்ப்பாய் கட்டிய ஒரு மெக்கானிக் கடை. டீ பன்னிரண்டு ரூபாய், வடை பத்து. மெக்கானிக்கை எல்லோரும் பாய் என்று கூப்பிட்டார்கள். வெள்ளைத் தாடி, கையெல்லாம் கிரீஸ். அவர் முன்னால் ஒரு பெரிய மோட்டார் சைக்கிள் நின்றது. அதன் சொந்தக்காரர் தாம்பரத்திலிருந்து உத்திரமேரூர்க் கோயில் பார்க்கப் போகிறவர். முப்பது வயது இருக்கும், முட்டியிலும் முழங்கையிலும் கவசம். அவர் ஹெல்மெட்டில் கேமரா. டயரில் காற்று எவ்வளவு என்று அவர் போன் சொல்லுமாம். மழையில் சறுக்காமல் வண்டியே பார்த்துக்கொள்ளுமாம். விலை இரண்டு லட்சத்து எண்பதாயிரம். அவர் பாயிடம் வந்திருந்தது போன் மாட்டுகிற கம்பியின் ஒரு போல்ட்டு தளர்ந்ததற்காக. பாய் அதை ஒரு திருகில் இறுக்கிவிட்டுக் காசு வேண்டாம் என்றார்.

"ஆன்ட்டி, எல்லாம் ஓகே, ஆனா சத்தம் இல்லாத வண்டி வண்டியே இல்ல" என்றார் தாம்பரத்துக்காரர்.

"நாங்க பேசிக்கினே வர்றோமே, அது போதாதா?" என்றாள் ரோசம்மா.

நான் டீ குடிக்கும்போது அவள் எழுந்து வண்டியிடம் போனாள். எலுமிச்சம்பழக் கயிறு தளர்ந்து, மிளகாய் டயரில் உரசிக்கொண்டிருந்தது. ஜெபமாலையும் நழுவியிருந்தது.

"நீ ஏன் சம்பந்தி எலுமிச்சம்பழத்துக்குக் கவலப்படற?" என்று கேட்டேன்.

"கட்டனது கட்டனதுதான். நடு ரோட்ல அவுந்து உழுந்தா நல்லாவா இருக்கும்?"

கயிற்றையும் ஜெபமாலையையும் சேர்த்துக் கைப்பிடியோடு மூன்று சுற்றுச் சுற்றி இழுத்து முடிச்சுப் போட்டாள். இருபது வருடம் மார்க்கெட்டில் கீரைக்கட்டு கட்டியவள் அவள். அவள் போட்ட முடிச்சை ஆடு கடித்தாலும் அவிழ்க்க முடியாது.

ஒன்பது மணி ஐந்து நிமிடம். ஏறி உட்கார்ந்து பிடியைத் திருகினேன். வண்டி நகரவில்லை.

மறுபடி திருகினேன். விளக்கு எரிந்தது, எண் எழுபத்து மூன்று என்றே காட்டியது. நகரவில்லை. இறங்கித் தள்ளினால் உருண்டது. ஏறினால் எருமை மாதிரி நின்றது. திரையில் மட்டும் சிவப்பாக ஒரு வட்டம், அதற்குள் ஒரு கோடும் ஒரு புள்ளியும்.

டீக்கடையில் இருந்த எல்லோரும் வந்துவிட்டார்கள். ஒருவர் அணைத்துவிட்டுப் போடச் சொன்னார், போட்டேன். ஒருவர் பக்க ஸ்டாண்டு கீழே இருந்தால் இந்த வண்டி கிளம்பாது என்றார், அது மேலேதான் இருந்தது. ஒருவர் கறுப்பு வில்லையை வண்டியின் நெற்றியில் வைத்துத் தேய்த்தார். தாம்பரத்துக்காரர் மண்டியிட்டுத் திரையைப் பார்த்தார். "இது ஏதோ எரர் காட்டுது ஆன்ட்டி. சாஃப்ட்வேர் அப்டேட் பண்ணணும்னு நினைக்கிறேன்."

"பாய், நீங்க பாருங்களேன்" என்றேன்.

பாய் கையைத் துடைத்துக்கொண்டு வந்து வண்டியைச் சுற்றினார். தொடவில்லை. "பெட்ரோல் வண்டி குடும்மா, கண்ண மூடிக்கினு பாப்பேன். இதுல இன்னாத்த தொறக்கறது? தொறந்தா வாரண்டி பூடும்னு எழுதி வேற ஒட்டிக்கிறான். நான் கைய வச்சி, நாளைக்கி உங்க மாப்ள என்ன கேட்டா இன்னா ஜவாப் சொல்றது?"

வெயில் ஏறியது. எனக்கு முட்டி வலித்தது. பத்தரைக்குச் சாமியார் வந்துவிடுவார். பஸ் பிடித்தால்கூட வளைகாப்புக்குப் போய்விடலாம். ஆனால் வண்டியை இங்கே விட்டுவிட்டுப் போனால் மாப்பிள்ளைதான் வந்து எடுக்க வேண்டும். அதற்கு நான் போன் செய்ய வேண்டும். போன் செய்தால் அதோடு என் வண்டி ஓட்டுதல் முடிந்தது. வளையல் பெட்டியோடு ஆட்டோவில் போய் இறங்குகிற தனத்தை எந்த ஊர்க்காரியும் பார்த்ததில்லை. பார்க்கவும் வேண்டாம் என்று நினைத்தேன்.

ஒன்பது இருபத்தைந்து. கண்ணாடியில் மாட்டியிருந்த என் ஹெல்மெட்டுக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது. "அத்தை. அத்தை. கேக்குதா?"

கூடியிருந்தவர்கள் ஹெல்மெட்டைப் பார்த்தார்கள். நான் அசையவில்லை. ரோசம்மா தன் ஹெல்மெட்டைக் கவிழ்த்துக்கொண்டாள். மகனிடம் சொல்லிவிடப் போகிறாள், எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன்.

"இன்னாடா அருளு?" என்றாள்.

இரண்டு ஹெல்மெட்டிலும் மாப்பிள்ளை குரல் கேட்டது. "வாலாஜாபாத்துலயே அரமணி நேரமா நிக்கிறீங்களே, வண்டி எதுனா மக்கர் பண்ணுதா? நான் வரட்டா?"

"டீ குடிக்கிறோம்."

"அரமணி நேரமாவா?"

"சூடா இருக்குதுடா."

"அத்தை கிட்ட குடு."

"அவ வாய்ல வடை இருக்குது. போன வையி." ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். காலையிலிருந்து அறுபதுதான் ஓடும் என்று சொல்லிக்கொண்டு வந்தவள்.

"ஏன் சம்பந்தி பொய் சொன்ன?" என்றேன்.

"உனக்காகச் சொன்னேன்னு நினைச்சிக்கினியா? நீ வண்டி ஓட்டறத உட்டுட்டா என்ன யாரு தென்னேரிக்கு கூட்டினு வர்றது? அருளுக்கு நேரம் இருந்தாத்தான் கூட்டினு வருவான். அப்புறம் எனக்கு சர்ச்சு, வூடு, சர்ச்சு, வூடு." முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "எதுனா பண்ணு. நீதான முப்பது வருசம்னு சொல்லிக்கினு இருப்ப."

பாய் ஒரு பழைய டயரைப் போட்டு உட்காரச் சொன்னார். எல்லோரும் வண்டியின் முகத்தைச் சுற்றி நின்றதால் டயர் கிடந்த இடம் வண்டியின் பின்பக்கம். உட்கார்ந்தேன். கண்ணுக்கு நேரே பின்விளக்கு. தார்ப்பாய் நிழலில் அது நன்றாகச் சிவந்து எரிந்துகொண்டிருந்தது.

கொஞ்ச நேரம் அதையே பார்த்தேன். காலையில் கோயில் வாசலில் மாப்பிள்ளை எனக்கு எல்லாவற்றையும் காட்டினார். அப்போது பின்விளக்கு மெல்லிய கோடாகத்தான் எரிந்தது. பிரேக்கைப் பிடித்தபோதுதான் முழுவதும் சிவந்தது. என் மொபெட்டில் பிரேக் ஒயர் மாட்டிக்கொண்டால் விளக்கு இப்படித்தான் விடாமல் எரியும். மூன்று பல்பு அப்படிப் போயிருக்கிறது. அதனால் எங்கே நிறுத்தினாலும் பின்பக்கம் ஒருமுறை பார்க்கிற பழக்கம் எனக்கு உண்டு. அன்று எல்லோரோடும் சேர்ந்து நானும் திரையைப் பார்த்துக்கொண்டு இருந்துவிட்டேன்.

"சம்பந்தி, பிரேக்கப் புடி" என்றேன்.

பிடித்தாள். விளக்கு மாறவில்லை.

"உடு."

விட்டாள். மாறவில்லை.

"யாரோ ஏற்கெனவே புடிச்சிக்கினு இருக்காங்க" என்றேன்.

எழுந்து முன்னால் போனேன். இடதுகைப் பிடியில் கறுப்புக் கயிறும் ஜெபமாலையும் மூன்று சுற்று. பிடியை மட்டும் சுற்றவில்லை. பிரேக் லீவரையும் சேர்த்துச் சுற்றி ஒரு விரல்கடை உள்ளே இழுத்து வைத்திருந்தது. சக்கரத்தை இறுக்கும் அளவுக்கு இல்லை, அதனால்தான் தள்ளினால் உருண்டது. ஆனால் பிரேக் பிடித்திருக்கிறது என்று வண்டி நினைத்துக்கொள்ள அது போதும்.

தாம்பரத்துக்காரர் தலையில் கை வைத்தார். "கரெக்ட் ஆன்ட்டி. பிரேக் புடிச்சா எலக்ட்ரிக் வண்டில மோட்டார் கட் ஆயிடும். இது எனக்குத் தெரியும். எப்படி விட்டேன்னு தெரியல." அந்தச் சிவப்பு வட்டம் பிரேக்கின் அடையாளம் என்பதும் அவருக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது.

பாய் ஒரு பிளேடு எடுத்து வந்தார். "அறுத்துடட்டா?"

"பாய், கோயில்ல கட்டன கயிறு. அறுக்கக் கூடாது" என்றாள் ரோசம்மா.

"ஜெபமாலயும் சேந்து அறுந்துடும், வேணாம்" என்றேன் நான்.

பாய் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுப் பிளேடை மடக்கினார். "அப்டீன்னா நீங்களே அவுத்துக்கங்க."

வளையலில் மாட்டியிருந்த ஊக்கை எடுத்து முடிச்சைக் குத்தி நெகிழ்த்தினேன். கீரைக்கட்டு முடிச்சு, சீக்கிரத்தில் வரவில்லை. ரோசம்மா பக்கத்தில் நின்று எந்த இழை முதலில், எது பிறகு என்று சொன்னாள். கடைசி சுற்று கழன்றதும் லீவர் டக்கென்று வெளியே வந்தது. பின்பக்கம் நின்ற டீக்கடைக்காரர் சொன்னார், "வெளக்கு கொறஞ்சிடுச்சு."

இரண்டையும் கண்ணாடிக் கம்பியில் கட்டினோம். இந்த முறை முடிச்சை நான் போட்டேன். என் பையில் இருந்த சொந்தச் சரக்கிலிருந்து, வீட்டம்மாவுக்கு என்று ஒரு டஜன் வளையல் எடுத்துப் பாயிடம் கொடுத்தேன்.

"கரண்ட் வண்டியும் பாக்கப்படும்னு போர்டுல எழுதிக்கவா?" என்றார் பாய்.

"கைய வச்சது நான்."

"டயர் போட்டது யாரு?"

அதுவும் சரிதான் என்று கிளம்பினேன். ஒன்பது நாற்பத்தெட்டு.

பத்து மணி பதினாறு நிமிடம். தென்னேரி. கடைசி ஏழு கிலோமீட்டரில் மூன்று இடத்தில் சாலை வெட்டியிருந்தது. ஒவ்வொன்றிலும் இறக்கி ஏற்றினேன். ரோசம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் பேசாததும் ஹெல்மெட்டில் நன்றாகவே கேட்டது. வீட்டு வாசலில் சீட்டைத் தூக்கி, தடவித் தடவி எண்ணினேன். இருநூற்று நாற்பது. ஒன்றில்கூடக் கீறல் இல்லை.

சாமியார் பத்து முப்பத்திரண்டுக்கு வந்தார். ஜெபம் முடிந்ததும் ஸ்டெல்லாவை மணையில் உட்காரவைத்து முதல் வளையலை என்னைப் போடச் சொன்னார்கள். வளையல்காரிக்கு அந்த மரியாதை எல்லா ஊரிலும் உண்டு. கை கொஞ்சம் வீங்கியிருந்தது. வலிக்காமல் ஏற்றுவதற்கு ஒரு பக்குவம் இருக்கிறது, பெருவிரலை உள்ளே மடித்துப் பேச்சுக் கொடுத்துக்கொண்டே ஏற்ற வேண்டும். "அத்தை, வண்டியிலயா வந்தீங்க?" என்று கேட்டாள் ஸ்டெல்லா. முடிச்சுக் கதையைச் சொன்னேன். அவள் சிரித்து முடிப்பதற்குள் ஆறு ஏறிவிட்டது. சாமியார் கிளம்பும்போது வண்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டு எத்தனை கிலோமீட்டர் ஓடும் என்று கேட்டார். ரோசம்மாவே பதில் சொன்னாள், "எம்பது ஃபாதர்."

சாப்பாடு முடித்து மூன்று மணி பத்துக்குக் கிளம்பினோம். எண் அறுபத்து மூன்று. ஏரிக்கரை மேலேயே கொஞ்ச தூரம் ஓட்டினேன். தண்ணீர் ஓரத்தில் கொக்குகள் நூறு இருக்கும். நான் இந்தக் கரையில் எத்தனையோ முறை வந்திருக்கிறேன். முனை திரும்பினால் போதும், மொத்தமும் எழுந்து பறந்துவிடும். கொக்கு என்றால் எனக்கு வெள்ளையாகப் பறந்து போகிற முதுகுதான். அன்று ஒன்றும் பறக்கவில்லை. ஒன்று தலையைத் திருப்பி எங்களைப் பார்த்துவிட்டு மறுபடி தண்ணீரைப் பார்த்தது. அதற்கு மஞ்சள் அலகு என்பதை அறுபத்து நான்கு வயதில் பார்த்தேன். வண்டியை நிறுத்தினேன்.

"மறுபடியும் நின்னுபோச்சா?" என்றாள் ரோசம்மா காதுக்குள்.

"நான்தான் நிறுத்தினேன். பாரு."

பார்த்தோம். யாருக்கும் அவசரம் இல்லை. மொபெட்டில் வந்த நாளெல்லாம் இந்த ஏரி என்னைப் பார்த்து ஓடிக்கொண்டே இருந்திருக்கிறது. காலையில் பாவு இழுத்த அம்மாவுக்கு என் சத்தம் வேண்டும், இந்தக் கொக்குக்கு வேண்டாம். பிள்ளையார்பாளையத்துக்கு மட்டும் ஒரு மணி வாங்கிவிடலாம் என்று முடிவு செய்தேன்.

ஐந்து மணி பத்து நிமிடம். செவிலிமேடு. எண் இருபத்தேழு. மாப்பிள்ளை வாசலில் போனும் கையுமாக நின்றார்.

"அத்தை, ஒண்ணு கேக்கட்டா?" என்று போனைத் திருப்பிக் காட்டினார். "வாலாஜாபாத்துல வண்டி ஆன்ல இருந்திருக்குது. முப்பது நிமிஷத்துக்கு மேல பிரேக் புடிச்சபடி நின்னுதுன்னு காட்டுது. பிரேக்க புடிச்சிக்கினே டீ குடிச்சீங்களா?"

நாங்கள் போனில் மறைத்ததை இந்த வண்டி எழுதி வைத்திருக்கிறது. இதைத்தான் நான் முதலிலிருந்தே நம்பவில்லை. ஆனால் மறைக்கிற அளவுக்கு நான் ஒன்றும் தவறு செய்யவில்லை. கயிறு, முடிச்சு, பின்விளக்கு, பாய் போட்ட டயர், எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன்.

"நின்னுச்சு மாப்ள. நான் கூப்பிடல" என்று முடித்தேன்.

"ரெண்டு சாமியும் சேந்து பிரேக்கப் புடிச்சா வண்டி எப்டிடா நகரும்?" என்றாள் ரோசம்மா.

மாப்பிள்ளை சிரிக்காமல் இருக்கப் பார்த்தார், முடியவில்லை. குனிந்து பின்விளக்கைப் பார்த்தார். பிரேக்கைப் பிடித்தார், விட்டார், மறுபடி பிடித்தார். கண்ணாடிக் கம்பியில் நான் போட்ட முடிச்சை இழுத்துப் பார்த்தார்.

நான் கறுப்பு வில்லையை நீட்டினேன். அவர் கை நீட்டவில்லை.

"செவ்வாக்கெழம உங்களுக்கு கூரம் பக்கம் வியாபாரம்தான?" என்றார். "நைட்டு சார்ஜ் போட்டு வெக்கிறேன்."

உள்ளே போனேன். கதவுக்குப் பக்கத்தில் ஆணியில் மொபெட் சாவி தொங்கிக்கொண்டிருந்தது. வில்லையை அதன் பக்கத்திலேயே மாட்டினேன்.